கெல்லித் துரையும் பெயர் தெரியாத நம் முன்னோரும்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி அமைந்திருப்பது கார்டன் ரீச். அங்குள்ள இரயில்வே தலைமை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் நாள்தோறும் அவ்வழியே சென்று மீள்கின்றோம். அப்பகுதியில் சுரினாம் காட் என்னும் படித்துறை ஒன்று உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சிறு மூட்டையோடு நிற்பதாக அமைந்த சிலை ஒன்று 2015ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. தாய் தந்தை என்று பொருள்படும் ‘மாய்-பாப்’ என்பது அதன் பெயர். 1834இல் மொரீசியசுக்கும், 1838இல் டெமராராவுக்கும், 1873இல் சுரினாமுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல்கள் இக் கொல்கத்தாத் துறையிலிருந்தே புறப்பட்டன. பீகாரிலிருந்தும் சோட்டா நாகபுரியிலிருந்தும் வந்த ஏழை மக்களே அவற்றிற் பெரும்பாலும் சென்றவர்கள்.

நம் தமிழ் மக்கள் கடல் கடந்தது வேறு துறைகளிலிருந்து. சென்னையும் நாகப்பட்டினமும் அவர்கள் கண்ட கடைசித் தாயகக் கரைகள். எனினும் அச்சிலையைக் காணும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டியிலிருக்கும் பழைய தபால் உறையொன்று நம் நினைவுக்கு வரும். அவ்வுறையின் பின்னே சென்றபோது நாம் அறிந்துகொண்ட ஒரு வரலாற்றை அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கொள்ளுப் பாட்டனாருக்கு இளவல் ஒருவர் இருந்தார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து 1937ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் சென்று ‘ரஜூலா’க் கப்பலில் ஏறி மலாயா போனவர். ஊரில் எல்லோரும் அவரைப் ‘பினாங்குச் சின்னையா’ என்றே அழைத்துவந்தனர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்து எழுத்தரைக் கொண்டு ஊருக்குச் சில கடிதங்கள் எழுதுவித்தார். 1941க்குப் பின் கடிதம் ஒன்றும் வரவில்லை. கடிதங்களும் காலப்போக்கில் மறைந்தன. ஓர் உறை மட்டும் எஞ்சியது. அதன் மீது அழகிய கையெழுத்தில் எங்கள் ஊரின் முகவரியும், மங்கிய தபால் முத்திரையில் ‘பத்து காஜா’ என்னும் ஊர்ப் பெயரும் உள்ளன. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை.

பத்து காஜா என்பது மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்கு அருகிலுள்ள ஊர். ‘பத்து’ என்றால் மலாய் மொழியில் கல். ‘காஜா’ என்பது நாம் அறிந்த கஜமே. எனவே தமிழில் ‘யானைக்கல்’ எனலாம். அவ்வூரின் பழங்கதையைத் தேடிப் புறப்பட்ட நமக்குச் சின்னையாவைப் பற்றிய செய்தி எதுவும் அகப்படவில்லை. நூல்களைப் புரட்டினும், சுற்றுலாக் குறிப்புகளைப் பார்ப்பினும், எங்கும் ஒரே ஒரு வெள்ளையரின் பெயரே எதிர்ப்பட்டது. தேடியது ஒருவரை, கிடைத்தது மற்றொருவர். அவரே வில்லியம் கெல்லி ஸ்மித்.

கெல்லித் துரையின் ஏற்றம்

பிரிட்டன் என்றால் இங்கிலாந்து மட்டுமே என்று நம்மிற் பலர் கருதுவதுண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலே எளிய குடும்பங்களிற் பிறந்து, சொந்த ஊரில் வாழ்வுக்கு வழி காணாமல், குடியேற்ற நாடுகளை நாடிச் சென்ற இளைஞர் பல்லாயிரவர். ஜமைக்காவில் கரும்பு, இலங்கையில் காப்பியும் தேயிலையும், அசாமில் தேயிலை, மலாயாவில் இரப்பர் என்று தோட்டங்கள் எங்கே தோன்றினவோ அங்கெல்லாம் அவர்கள் சென்றனர். கெல்லி ஸ்மித்தும் அத்தகையவரே. 1870இல் பிறந்த அவர் ஸ்காட்லாந்தின் மோரே பகுதியிலுள்ள கெல்லஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். 1890இல், இருபது வயது இளைஞராக மலாயாவில் வந்து இறங்கினார்.

அங்கே சார்லஸ் அல்மா பேக்கர் என்பவரிடம் வேலைக்கு அமர்ந்தார். நில அளவைத் தொழிலில் ஈடுபட்டிருந்த பேக்கர், பேராக் அரசாங்கத்திடம் காடு வெட்டும் உரிமையையும் பெற்றிருந்தார். அவருடன் உழைத்து ஈட்டிய இலாபத்தைக் கொண்டு, கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை ஸ்மித் வாங்கினார். காட்டை அழித்து இரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். பிறந்த மண்ணை மறவாமல் தம் தோட்டத்திற்குக் ‘கிந்தா கெல்லஸ்’ என்று பெயரிட்டார். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரைக் கையோடு எடுத்து வருதல் எல்லா இனத்தார்க்கும் பொதுவான இயல்பு போலும்.

அவர் இரப்பர் நட்ட காலம் நல்ல காலமாக அமைந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். அங்கே கியூத் தோட்டத்தில் முளைத்த கன்றுகளுட் சில 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்ச் சிங்கப்பூர்த் தோட்டத்துத் தலைவர் ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை ஆக்கினார். அதன்பின் மோட்டார் வண்டி பெருகிற்று. உலகமெங்கும் இரப்பருக்குப் பசி எடுத்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடையுள்ள இரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் கடந்தது. மரம் வைத்திருந்தவர்கள் செல்வரானார்கள்.

ஸ்மித்தும் செல்வரானார். 1903இல் ஆக்னஸ் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டில் மகள் ஹெலன் பிறந்தாள். தோட்டத்திலே முதலில் ஓர் இல்லம் கட்டிக்கொண்டார். 1915இல் மகன் அந்தோணி பிறந்தான். அவ்வாண்டிலேயே அவ்வில்லத்தை ஒட்டிப் பெரியதொரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து கட்டடத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் ஓடும் சென்னையிலிருந்து கப்பலேறின. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. ஆறு நிலைக் கோபுரமும், வளைந்த வாயில்களும், மலாயாவிலே அந்நாளிற் காணப்படாத மின் ஏற்றி ஒன்றும் அமைய வேண்டும் என்பது அவர் கனவு.

அக்கனவு முற்றுப் பெறவில்லை. முதல் உலகப் போரின் முடிவில், 1918இல், ஸ்பானிய சுரம் என்னும் கொள்ளை நோய் உலகெங்கும் பரவியது. அத்தோட்டத்தையும் அது விடவில்லை. மாளிகை கட்ட வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். 1920களின் தொடக்கத்தில் இரப்பர் விலையும் வீழ்ந்தது. 1926இல் ஐரோப்பா சென்ற ஸ்மித், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். வயது 56. அவர் மனைவி தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினார். கோபுரத்துள் மின் ஏற்றிக்கென விட்ட குழி வெறுங் குழியாகவே நின்றது. இன்று ‘கெல்லி கோட்டை’ என்னும் பெயருடன், நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சிப் பொருளாக அம்மாளிகை ராயா ஆற்றின் கரையில் நிற்கின்றது.

கோயில் மேல் நிற்கும் துரை

கொள்ளை நோய்க் காலத்தில் நடந்ததாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. உடன் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடிவதைக் கண்ட தமிழ்த் தொழிலாளர், மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தால் நோய் தணியும் என்று துரையிடம் விண்ணப்பித்தனராம். அவரும் இசைந்து, மாளிகைப் பணியை நிறுத்திவைத்துக் கோயில் கட்ட உதவினாராம். கோயில் மாளிகையிலிருந்து சிறு தொலைவில் இன்றும் இருக்கின்றது. அதன் மேற்றளத்திலே தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று நிற்கின்றது. அது கெல்லித் துரையே என்பர்.

இச்செய்தியைப் படித்தபோது நமக்கு முதலில் மகிழ்ச்சியே உண்டாயிற்று. நன்றி மறவாத நம் மக்கள், தமக்கு உதவியவரைத் தெய்வத்தின் பக்கத்திலே நிறுத்தினர். ஸ்மித்தைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை. தாமும் ஊரை விட்டு வந்தவர். பிறந்த மண்ணின் பெயரை நெஞ்சில் சுமந்தவர். அயலூரில் உயிர் நீத்தவர்.

ஆயினும் சிறிது சிந்தித்தபோது வேறொரு வினா எழுந்தது. அக்கோயிலைக் கட்டிய கைகள் யாருடையவை? அச்சுதை உருவத்தைச் சமைத்த கொத்தனார் எவ்வூரார்? நோயில் மாண்டவர்கள் எத்தனை பேர், அவர்தம் பெயர் என்ன? இவற்றுள் ஒன்றையும் நாம் படித்த எந்த நூலும் கூறவில்லை. துரையின் பிறந்த ஆண்டு, மணம் புரிந்த ஆண்டு, மக்களின் பெயர், மறைந்த நகரம் யாவும் தெரிகின்றன. அவரைச் செல்வராக்கியவர்களின் பெயர் ஒன்றேனும் தெரியவில்லை.

செல்வம் வந்த வழி

இரப்பர்த் தோட்டத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பர். கங்காணி பெயர் கூப்பிடுவார். செக்ரோல் புத்தகத்தில் குறி விழும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால், இருளிலேயே மரம் சீவத் தொடங்குவர். பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்தால் பால் சொட்டிக் கிண்ணத்தில் விழும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். மேலாகச் சீவினால் பால் வாராது. ஒருவர் ஒரு காலையில் 300, 400 மரங்கள் சீவ வேண்டும். பிறகு பாலைச் சேகரித்து வாளிகளிற் சுமந்து ஆலைக்குக் கொண்டு செல்வர். அங்கே அமிலம் சேர்த்து உறையவிட்டு, உருளையில் இட்டுத் தகடாக்கிப் புகைக் கூட்டில் உலர்த்துவர். இத்தனையும் செய்து மாலையில் திரும்பும் இடம் லயம் எனப்படும் வரிசை வீட்டின் ஓர் அறை.

ஒப்பந்தக் கூலி முறைப்படி மலாயாவிற்கு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. உரிமம் பெற்ற கங்காணி தம் ஊருக்கு வந்து, உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்துச் செல்வார். கப்பற் செலவைத் தோட்ட முதலாளிகள் செலுத்திய குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் தங்கல் முகாம்கள் இருந்தன. பினாங்கு சேர்ந்ததும் ஜெரஜாத் தீவில் நோய்த் தடுப்புக் காவல். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாட்கூலி ஏறத்தாழ 50 சென்ட். பெண்ணுக்கு 40 சென்ட். ஒரே மரம், ஒரே கத்தி. கூலி மட்டும் இரு வகை! இரப்பர் விலை ஏறியபோது கூலி அதனோடு ஏறவில்லை. 1930இல் விலை வீழ்ந்தபோதோ கூலி உடனே குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவர் ஏறிய ஏணியில் மற்றவர் ஏற முடியாமற் போனதன் காரணம் இதுவே. உழைப்பு இருவரிடமும் இருந்தது. நிலம் ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

தமிழரில் தோட்டத்தால் செல்வரானவர் எவருமே இலரோ என்று அன்பர்கள் வினவலாம். உண்டு. சௌமியமூர்த்தி தொண்டைமானின் தந்தையார் கருப்பையா, இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைக்கு எளியவராகச் சென்றவர். பெரிய கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் தேயிலைத் தோட்டத்திற்கே உடைமையாளரானார். அவர் மைந்தர், தோட்டத் தொழிலாளரின் தலைவராகி, 1947இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். இது பெருமையே. ஆனால் கங்காணிகளின் வருவாயில் ஒரு பகுதி, தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வோர் ஆளின் பேரிலும் நாள்தோறும் கிடைத்த தலைக்காசு என்பதையும் மறத்தலாகாது. ஆயிரவருள் ஒருவர் கங்காணியானார். ஏனையோர் தலைகளாகவே எண்ணப்பட்டனர்.

இரயில் பாதையும் ஓர் ஏடும்

இரயில்வே ஊழியராகிய நாம் சொல்லாமல் விட முடியாத செய்தி ஒன்று உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942ஆம் ஆண்டில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைக்கத் தொடங்கினர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அப்பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். காலரா, பசி, அடி இவற்றால் மாண்டவர் மிகப் பலர். அப்பாதையில் உயிர் நீத்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அவை வேண்டியவையே. ஆனால் அவர்களோடு மாண்ட நம் தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் தாங்கிய கல்லறை வரிசை இல்லை. எங்கள் சின்னையா அப்பாதைக்குச் சென்றாரோ, தோட்டத்திலேயே மடிந்தாரோ, வேறெங்கேனும் குடும்பத்தோடு வாழ்ந்தாரோ, யாமறியோம். கெல்லஸ் தோட்டத்திலேதான் உழைத்தார் என்பதற்கும் சான்றில்லை. கடிதம் வந்த ஊர் அது என்பது மட்டுமே உறுதி.

இவ்விடத்தில் ஒரு சிறு சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். வங்காளியர் நம்மைப் போன்ற அலுவலக எழுத்தரைக் ‘கெரானி’ என்பர். மலாயாத் தோட்டத்துத் தமிழர் எழுத்தரைக் ‘கிராணி’ என்றனர். சொல் ஒன்றே. சின்னையாவுக்காக அவ்வுறையின் மீது முகவரி எழுதியவர் ஒரு கிராணியாகவே இருக்கக்கூடும். நம் தொழில் செய்த அன்பர்! அழகாக எழுதினார், ஆனால் அனுப்பியவர் பெயரை எழுத மறந்தார். அலுவலகத்தில் ஆயிரம் ஊழியர்களின் பெயரையும், பிறந்த நாளையும், தந்தை பெயரையும் பிழையின்றிப் பதிவேட்டில் எழுதும் நாமும், எங்கள் குடும்பத்து மனிதர் ஒருவரின் பெயரை அறியாமலே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். அக்கிராணியைக் குறை கூற நமக்கு என்ன தகுதி?

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த எங்கள் பெரிய அத்தையிடம் அவ்வுறையைக் காட்டினோம். கண் பார்வை குன்றியவர். உறையைக் கையால் தடவிப் பார்த்தார். “பினாங்குச் சின்னையா காயிதமா தம்பி? அவங்களுக்குக் குலதெய்வத்துப் பேருல்ல வச்சிருந்தாங்க” என்று சொல்லி, அப்பெயரைக் கூறினார். கூறியபின், “இத்தனை வருசத்துல இத யாரும் எங்கிட்டக் கேக்கலியேப்பா” என்றார். நம் கண்கள் கலங்கின. அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்பெயரையும், தந்தை தாய் பெயரையும், ஊரையும், கப்பலின் பெயரையும், ஆண்டையும் எழுதி வைத்தோம். அப்பெயரை இங்கே அச்சிடவில்லை. அது எங்கள் வீட்டுச் சொத்து. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்திருப்போமாயின் அச்சொத்து அத்தையோடு போயிருக்கும்.

அன்பர்களே, கொல்கத்தாவில் வாழும் நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. நம்மில் எவரும் கோட்டை கட்டப் போவதில்லை. நம்மைப் பற்றி நூல் எழுத எவரும் வரப்போவதுமில்லை. லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில் முதன்முதலாகக் குடிபுகுந்த பாட்டனார் யார்? சென்னை மெயிலில் வந்து ஹௌராவில் இறங்கிய அன்று அவர் கையில் என்ன இருந்தது? அவருக்கு வேலை வாங்கித் தந்தவர் எவ்வூரார்? அவருடன் வந்து மொழி தெரியாமல் தவித்த பாட்டியாரின் முழுப் பெயர் என்ன? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்த முதியோர் சிலரேனும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நம் பிள்ளைகளோ வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று வேறு நகரங்களுக்கும் நாடுகளுக்கும் செல்கின்றனர். நாம் கேளாது விட்டால் அவர்கள் கேட்க எவரும் இருக்கமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குக. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டிலுள்ள முதியவரின் அருகில் அமர்ந்து, பெயர், ஊர், வந்த ஆண்டு, செய்த தொழில், பட்ட துன்பம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக. பிள்ளைகளைக் கொண்டு தமிழிலேயே எழுதுவித்தல் நன்று. எழுத்துப் பயிற்சியும் ஆகும். தொலைவிலுள்ள முதியோரிடம் தொலைபேசியிலே கேட்கலாம். கெல்லித் துரையின் பெயரைக் காத்து நிற்க ஒரு மாளிகை இருக்கின்றது. நம் முன்னோர்க்கு நாம்தாம் இருக்கின்றோம்.